ராகு காலத்துக்குச் சிவப்பு

சுவரைத் தடவாதீங்க சார். அங்கிட்டு சுவிட்சே கிடையாது. வீடு பாக்க வர்றவுக எல்லாரும் இதைத்தான் செய்றாக, கதவைத் திறந்ததும் கை தன்னால சுவருக்குப் போயிருது. நீங்க சும்மா ரெண்டு எட்டு உள்ள வைங்க, போதும். ஆங், வந்துருச்சா? பாத்தீகளா, பொசுக்குன்னு வராது, பைய வரும். கண்ணு கூசக் கூடாதுன்னு நான்தான் அப்படி வச்சிருக்கேன்.

உக்காருங்க. இந்தச் சேர் ஒண்ணுதான் இருக்கு, நான் ஜன்னல் திண்டுல உக்காந்துக்கிறேன். குடியிருந்தவுக மாசிக் கடைசியில காலி பண்ணுனாக. இன்னும் நாலு நாள்ல ஆடி பிறந்துரும். ஆடி பிறந்துட்டா எவன் சார் புது வீட்டுல பால் காய்ச்சுவான்? ஆவணி வரைக்கும் இந்த மாடி பூட்டித்தான் கிடக்கும். அதனாலதான் நீங்க போன் பண்ணுன உடனே இன்னைக்கே வாங்கன்னுட்டேன். வாடகையெல்லாம் நீங்க சொல்றதுதான், அது எனக்குப் பெருசில்ல. கீழ எங்க வீட்டம்மாவுக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு குடும்பம் வேணும், அம்புட்டுத்தான். உங்க வீட்டுல நல்லாப் பேசுவாகளா? நிறையவா? ரொம்ப சந்தோசம் சார். அது போதும்.

என்னைப் பத்திச் சொல்லிர்றேன். பேரு சௌந்தரபாண்டியன். மில்லுல டைம் ஆபீஸ். முப்பத்தோரு வருசம் சங்கு நான் பிடிச்ச பிடி. நான் சங்கு விட்டாத்தான் ஆயிரத்து இருநூறு பேரு உள்ள வருவாய்ங்க, நான் சங்கு விட்டாத்தான் சோத்துச் சட்டியைத் திறப்பாய்ங்க. ஒரு நிமிசம் முன்ன பின்ன ஆனதில்ல. ரிட்டையர் ஆகி வீட்டுக்கு வந்தா, சார், இங்க ஒரு ஒழுங்கு இல்ல. பட்டப்பகல்ல பாத்ரூம்ல லைட்டு எரியும், ஆள் இல்லாத அடுப்படியில ஃபேன் சுத்தும். யாரைக் கேக்குறது? எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்ல. நானும் தனபாக்கியமும்தான்.

அப்பத்தான் ஒரு நாள் போன்ல ஒரு வீடியோ பாத்தேன். ஒரு பையன் பேசுறான், குறைஞ்ச செலவுல உங்க வீட்டோட அட்மாஸ்பியரையே மாத்துங்கன்னு. நம்ம வீட்டுல இல்லாதது அதுதான்னு எனக்கு உடனே தட்டுப்பட்டுச்சு. எல்லாம் இருக்கு, அட்மாஸ்பியர் இல்ல. முதல்ல ஒரே ஒரு பல்பு வாங்குனேன். போனைத் தடவுனா மஞ்சளாவுது, வெள்ளையாவுது, ஊதாவாவுது. தனபாக்கியத்தைக் கூப்பிட்டுக் காட்டுனேன். அவ பாத்துட்டு, நல்லாத்தான் இருக்கு, பருப்புல கல்லு பொறுக்க முடியுமான்னு கேட்டா. அவ ரசனை அம்புட்டுத்தான்னு விட்டுட்டேன். அடுத்த மாசம் ஆறு பல்பு, வாயால சொன்னா லைட்டைப் போடுற பேசுற டப்பா ஒண்ணு. அதுக்கு அடுத்த மாசம் ஆள் நடமாட்டம் பாக்குற சென்சாரு. பொங்கலுக்கு மாடிக்காரவுகளுக்கும் நானே இலவசமா எட்டு பல்பு மாட்டி விட்டேன். எந்த ஹவுஸ் ஓனர் சார் செய்வான்?

ஆமா, கண்ட்ரோல் எல்லாம் என் போன்லதான் இருக்கு. இன்டர்நெட்டு என்னுது, அப்ப கண்ட்ரோலும் என்கிட்டத்தான் இருக்கணும். அதுல என்ன கஷ்டம்? உங்களுக்கு லைட்டு வேணும்னா நடந்தாப் போதும். வேணாம்னா நடக்காம இருந்தாப் போதும்.

சுவிட்சை ஏன் எடுத்தேன்னு கேக்குறீக. நியாயமான கேள்வி. இந்தப் பல்புக்குச் சுவிட்சு எப்பவும் ஆன்லயே கிடக்கணும் சார். யாராச்சும் பழக்க தோசத்துல அமுக்கிட்டாக, போச்சு, போனு கூப்பிட்டாலும் எந்திரிக்காது. முதல்ல சுவிட்சு மேல டேப் ஒட்டுனேன். தனபாக்கியம் நகத்தால உரிச்சு உரிச்சுப் போட்டா. அப்புறம் எலக்ட்ரீசியனை வரச்சொல்லி, எல்லாத்தையும் கழட்டிட்டு வெறும் பிளேட்டு அடிச்சேன். கீழயும் மாடியிலயும். இப்பப் பாருங்க, சுவரு எம்புட்டு சுத்தமா இருக்கு.

மாடியில இருந்தவரு திரவியம்னு, மாட்டாஸ்பத்திரியில கம்பவுண்டரு. தங்கமான மனுசன். ஒம்பது வருசத்துல ஒரு நாள் சத்தம் போட்டதில்ல. ஒரு நாள் மட்டும் கீழ வந்து, தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, பாத்ரூம்ல உக்காந்தா மூணாவது நிமிசத்துல லைட்டு அணைஞ்சுருதுன்னாரு. அசைஞ்சா எரியும்னேன். உக்காந்த இடத்துல எப்படிங்க அசையறதுன்னாரு. துண்டை எடுத்து தலைக்கு மேல ஒரு சுத்து சுத்துங்கன்னேன். நாலு நாள் கழிச்சு எப்படி இருக்குன்னு கேட்டேன், தோள்பட்டை வலி சரியாப் போச்சுங்கன்னாரு. பாத்துக்கோங்க, உடம்புக்கும் நல்லது.

அவருக்கு ஒரே பொண்ணு, அபிநயா. வரும்போது பத்தாவது படிச்சுச்சு, போகும்போது எம்.காம். முடிச்சு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. அந்தப் பிள்ளைக்குப் பாதி வீடு கீழதான். ஆபீஸ் விட்டு வந்ததும் மாடி ஏறாது, நேரா அடுப்படிக்கு வந்து மேடையில ஏறி உக்காந்துக்கிரும். தனபாக்கியம் தோசை ஊத்துவா, அது தின்னுக்கிட்டே பேசும். ரெண்டு பேரும் என்னதான் பேசுவாகளோ, சிரிப்பு வாசல் வரைக்கும் கேக்கும். அதுக்குத் தலை பின்னி விடுறது, பூ கட்டி வைக்கிறது எல்லாம் இவதான். பெத்த தாயி கூட, அக்கா நீங்களே சொல்லுங்க, உங்க பேச்சைத்தான் கேப்பான்னு சொல்லும்.

நான் இந்த ராகு கால விசயத்துக்கு வர்றேன். அதைச் சொல்லாம நீங்க வீட்டைப் பிடிச்சுட்டு, பின்னால யாராச்சும் ஒண்ணுக்கு ரெண்டாச் சொல்லி நீங்க கேக்க வேணாம்.

தனபாக்கியத்துக்கு ஒரு வழக்கம். கல்யாணம் ஆன நாள்ல இருந்து, தினம் காலையில காப்பியை வச்சுட்டு, ஏங்க, இன்னைக்கு ராகு காலம் எப்பன்னு கேப்பா. நான் காலண்டரைப் பாத்துச் சொல்லுவேன். திங்கள்னா ஏழரை, வெள்ளின்னா பத்தரை, ஞாயிறுன்னா நாலரை. வாராவாரம் மாறாதது சார் அது, அவளுக்கும் மனப்பாடமாத்தான் இருக்கும். ஆனாலும் கேப்பா. அப்புறம், ஏங்க லைட்டைப் போடவான்னு கேப்பா, ஏங்க வாசல் லைட்டை அணைச்சிட்டீங்களான்னு கேப்பா. ஒரு நாளைக்கு இருபது ஏங்க. நான் நெனச்சேன், பாவம், இவளுக்கு எதுக்கு இம்புட்டு சிரமம்னு. வாயைத் திறக்காமலே எல்லாம் நடக்கணும்னு செட் பண்ணிட்டேன். நல்ல நேரத்துக்கு லைட்டு தங்க மஞ்சளாயிரும். எமகண்டத்துக்கு நீலம். ராகு காலத்துக்குச் சிவப்பு. ரத்தச் சிவப்பு இல்ல சார், மாதுளம்பழச் சிவப்பு. நிமிந்து பாத்தாத் தெரிஞ்சுரும், யாரையும் கேக்க வேண்டியதில்ல. உலகத்துல வேற எவனாச்சும் இதைச் செஞ்சிருக்கானான்னு தேடிப் பாத்தேன், ஒருத்தனும் இல்ல.

போன தையில அபிநயாவைப் பொண்ணு பாக்க வந்தாக. தேனிப் பக்கம், நல்ல இடம். பையன் அந்தப் பிள்ளையோட ஆபீஸ்லயே வேலை பாத்தவன், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு புடிச்சு, பெத்தவுகளும் சரின்னு, சும்மா முறைக்கு வர்றாக. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வர்றதா ஏற்பாடு. வழியில டயரு பஞ்சராகி வந்து சேரும்போது நாலே கால். அவசர அவசரமா உக்கார வச்சு, கேசரி பஜ்ஜியெல்லாம் வச்சு, நாலரைக்குள்ள பொண்ணு வந்து நிக்கணும்னு எங்க வீட்டம்மா உள்ள நின்னு அந்தப் பிள்ளைக்குப் பூ வச்சு விடுறா. நான் ஹவுஸ் ஓனர்ங்கிற முறையில சபையில முன்னால உக்காந்திருக்கேன். இதே மாடி ஹால்ல எல்லா லைட்டையும் தங்க மஞ்சள்ல வச்சிருந்தேன். மாப்பிள்ளையோட அம்மாவே சொன்னாக, வீடு லட்சுமிகரமா இருக்குன்னு. என்னோட பல்பைச் சொன்னாக சார்.

அபிநயா காப்பித் தட்டோட நிலைப்படியைத் தாண்டி ஒரு கால் வச்சுச்சு. நாலரை. ஹால் மொத்தமும் சிவப்பாயிருச்சு. அந்தப் பிள்ளை முகம், பட்டுச் சேலை, காப்பி, எல்லாமே சிவப்பு. கரண்டுல ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்கிட்டாக போல, திரவியம் எந்திரிச்சு சுவருப் பக்கம் ஓடுறாரு, தடவுறாரு, சுவிட்சு எங்க இருக்கு? மாப்பிள்ளையோட அப்பா சிரிச்சுக்கிட்டே, என்னங்க சினிமா மாதிரி இருக்குன்னாரு. அந்த நேரத்துல நான் சும்மா இருக்க முடியுமா? விருந்தாளிக்கு விளக்கம் சொல்ல வேணாமா? நான் எந்திரிச்சு நின்னு, "பயப்படாதீங்க, ராகு காலம் ஆரம்பிச்சிருச்சு, அதைத்தான் காட்டுது"ன்னு சொன்னேன்.

அங்க இருந்த அத்தனை பேருக்கும் மணி என்னன்னு தெரியும் சார். எல்லாரும் ஓரக்கண்ணால கடிகாரத்தைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாக. கிளம்பி வந்தது நல்ல நேரம், உக்காந்தது நல்ல நேரம், ஒரு நிமிசம் முன்ன பின்ன ஆனா யாரும் வாயைத் திறக்கிறதில்ல, அதான் வழக்கம். எனக்கும் தெரியும். ஆனா கேக்குறாகல்ல? கேட்டா நேரத்தைச் சொல்றவன் நான். முப்பத்தோரு வருசம் அதுக்குத்தானே சம்பளம் வாங்குனேன்?

அந்தம்மா காப்பியைக் கையில வாங்கல. போய் போன் பண்றோம்னு எந்திரிச்சுட்டாக. போன் வரல. பையன் ஒரு மாசம் மல்லுக்கட்டிப் பாத்தானாம். அவுக ஆத்தா, சபையில ராகு காலம்னு வாய்விட்டுச் சொன்ன வீட்டுல சம்பந்தம் வேணாம்னு ஒத்தக் கால்ல நின்னுட்டாகளாம். நான் கேக்குறேன், இதுல என் தப்பு என்ன இருக்கு? டயரு பஞ்சரானதுக்கு நானா பொறுப்பு? மறுநாளே நான் சிவப்பை ரோஸாக்கிட்டேன். திரவியத்துக்கிட்டப் போயி, இனிமே பயம் இல்ல, ரோஸ்தான் வரும்னு சொன்னேன். அவரு கையெடுத்துக் கும்பிட்டாரு. நன்றி சொல்றாருன்னு நெனச்சேன். அடுத்த மாசமே வீட்டைக் காலி பண்ணிட்டாரு.

அபிநயா போறப்ப கீழ வந்து தனபாக்கியத்தைக் கட்டிப்பிடிச்சு அழுதுச்சு. எங்கிட்டயும் போயிட்டு வர்றேன் பெரியப்பான்னுச்சு. அது நல்ல பிள்ளை.

தனபாக்கியமா? அவ அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலமே சொல்லிட்டா. மாடியில இருந்து இறங்கி வந்து, அடுப்படி வாசல்ல நின்னு, "அந்தப் பிள்ளைக்கு நீங்க செஞ்சதுக்கு, இனிமே உங்ககூட எனக்குப் பேச்சு கிடையாது"ன்னா. ரெண்டு நாள் கோவம்னு நெனச்சேன். பங்குனி போச்சு, சித்திரைத் திருவிழா போச்சு, வைகாசி போச்சு. சோறு போடுறா, துணி துவைக்கிறா, மாத்திரையை எண்ணி எடுத்து வைக்கிறா. பேச்சு இல்ல. காப்பி டம்ளர் மேசையில உக்காரும், ஆள் போயிரும். காலையில நான் காலண்டர் பக்கத்துல நிக்கிறேன் சார். சும்மா நிக்கிறேன். இன்னைக்கு வியாழன், ஒண்ணரையில இருந்து மூணுன்னு நானே சத்தமாச் சொல்றேன். திரும்பிக் கூடப் பாக்க மாட்டேங்குறா.

தைராய்டா இருக்கும்னு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர்கிட்ட நல்லாப் பேசுறா.

நீங்க மனசுக்குள்ள கேக்குறது எனக்குக் கேக்குது. இம்புட்டு ஆனப்புறம் அந்தப் பல்பையெல்லாம் கழட்டி வீசிட்டு, சுவிட்சை மாட்ட வேண்டியதுதானேன்னு. வைகாசியில எலக்ட்ரீசியனை வரச்சொல்லி, ஏணி கூடப் போட்டாச்சு. அப்பத்தான் எனக்கு ஒண்ணு உறைச்சுச்சு. திருப்பி அனுப்பிட்டேன். ஏன்னு இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல.

அடுப்படியில சென்சாரு இல்ல, ஆவி பட்டுப் பட்டு கெட்டுப் போச்சு. அங்க லைட்டு வேணும்னா அந்த டப்பாகிட்டத்தான் சொல்லணும். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு அவ அடுப்படிக்குப் போவா. போயி நின்னு, "கிச்சன் லைட்டு ஆன்"னு சொல்லுவா. ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும், "கிச்சன் லைட்டு ஆஃப்"னு சொல்லுவா. ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை. என்கிட்டச் சொல்லல, அந்த டப்பாகிட்டத்தான் சொல்றா. இருந்தாலும் சத்தம் அவ சத்தம்தானே சார்? நான் ஆறு மணிக்கு ஹால்ல டி.வி.யை ஊமையாக்கிட்டு உக்காந்திருப்பேன். சுவிட்சை மாட்டிட்டா அதுவும் போயிருமே. அதுக்காகத்தான் மாட்டல. பைத்தியக்காரத்தனம்னு நீங்க நெனச்சாலும் சரி, எனக்கு அது வேணும்.

போன வாரம் அதுவும் நின்னு போச்சு. தெருவுல வித்துக்கிட்டு வந்தவன்கிட்ட ஒரு டார்ச் லைட்டு வாங்கிட்டா. அதை ஆணியில மாட்டி வச்சுக்கிட்டு அந்த வெளிச்சத்துல சமைக்கிறா. பதினஞ்சு பல்பு இருக்கிற வீட்டுல சார். எண்ணெய் தெறிச்சு கையில கொப்புளம், அதையும் சொல்லல, நானாத்தான் பாத்தேன். மருந்தை எடுத்துட்டுப் போனேன், கையைப் பின்னால இழுத்துக்கிட்டா.

அதான் சார், ஆடிக்கு முன்னாடி யாராச்சும் வந்துரணும். உங்க வீட்டம்மா மாடியில இருந்து இறங்கி வந்தா அவ பேசாம இருக்க மாட்டா. பேசட்டும். என்னையத் திட்டியே பேசட்டும். நான் ஹால்ல உக்காந்து கேட்டுக்கிருவேன். உங்களுக்கு எந்த லைட்டு வேணுமோ அதை மாட்டிக்கோங்க, குண்டு பல்பு மாட்டுங்க, சுவருக்கு நாலு சுவிட்சு வைங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன். மாடியோட கண்ட்ரோலை இப்பவே உங்க போனுக்கு மாத்தி விடுறேன். எனக்கு ஒண்ணும் வேணாம்.

வாங்க, இறங்குவோம். படியில பாத்து, கைப்பிடியைப் பிடிச்சுக்கோங்க. கீழ இருட்டாத்தான் இருக்கும், அவ ஹால்லயும் அசையாம உக்காந்திருப்பா, சென்சாரு ஆள் இல்லைன்னு நெனச்சு அணைச்சிருக்கும். பாருங்க, அதோ, டார்ச்சை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. தனபாக்கியம், இவரு வீடு பாக்க வந்திருக்காரு. வீடு பிடிச்சிருக்காம். நாளைக்கே பால் காய்ச்சுற மாதிரி...

இருங்க சார். எந்திரிக்கிறா. உங்களைத்தான் பாக்குறா.

கேட்டீகளா? கேட்டீகளா சார் நீங்க? "தம்பி, லைட்டு வைக்கிற நேரத்துல வந்திருக்கீங்க, இருந்து காப்பி குடிச்சுட்டுப் போங்க. ஆனா வீடு வேற இடத்துல பாருங்க, இந்த வீடு உங்களுக்கு வேணாம்." இம்புட்டும் சொன்னா. நிறுத்தி நிறுத்தி, முழுசாச் சொன்னா. நான் இங்க, ரெண்டடி தள்ளி நிக்கிறேன், அப்பவும் சொன்னா. குரலு கொஞ்சம் கம்மியிருக்கு, பாத்தீகளா? மத்தபடி அப்படியேதான் இருக்கு.

காப்பி போட உள்ள போயிட்டா. உக்காருங்க சார், போயிராதீங்க. வீடு வேணாம்னா வேணாம், அதுல எனக்கு வருத்தமே இல்ல. நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும். நாளைக்குச் சாயங்காலமும் வீடு பாக்க வாங்க. மறுநாளும் வாங்க. ஆடி பிறந்தாலும் பரவாயில்ல, நீங்க சும்மா வந்து பாத்துட்டு வேணாம்னு சொல்லிட்டுப் போங்க. அவ உங்ககிட்டச் சொல்லட்டும். நான் இப்படி ஓரமா நின்னுக்கிறேன்.